கணக்கு எழுதும் முகவர் நிரலுக்குக் கருவி விளக்கம் எழுதும் முறை

பயிர்த்தொழிலில் விதையும் எருவும் எவ்வளவு முக்கியமோ, அவற்றின் கணக்கும் அவ்வளவு முக்கியமானது. கணக்கில் ஓர் எண் பிசகினால், உரம் இருப்பதாக ஏடு காட்டியும் நடவுக் காலத்தில் குடியானவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். வியாபாரக் கணக்குகளைப் பதியும் வேலை இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல்களிடமும் ஒப்புவிக்கப்பட்டு வருகிறது. ஆகையால் அவற்றிற்கு எவ்விதம் விவரம் எழுதி வைக்க வேண்டுமென்பதை மிராசுதாரர்களும், சங்க நிர்வாகிகளும், கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

வேலை நடக்கும் விதம்

முகவர் நிரல் பொதுவாகக் கணக்கேட்டைத் தானே திறந்து எழுதுவதில்லை. அதனிடம் சில கருவிகள் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், ஒரு விளக்கமும், பூர்த்தி செய்ய வேண்டிய இனங்களும் உண்டு. மனிதர் சாதாரண பாஷையில் இட்ட வேலையைப் படித்து, முகவர் நிரல் தகுந்த கருவியைத் தேர்ந்து இனங்களைப் பூர்த்தி செய்கிறது; பதிவைச் செய்வது அக்கருவியின் பின்னுள்ள வேறொரு நிரலாகும். ஓப்பன்ஏஐ ஸ்தாபனம் 2023 ஜூனில் இத்தகைய வசதியைத் தன் மொழி மாதிரிகளுக்கு அளித்தது. கருவிகளை இணைப்பதற்கான 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நியமத்தை ஆந்த்ரோபிக் ஸ்தாபனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

பட்டா மாற்றும்படி வந்த உத்தரவில் சர்வே எண்ணோ உட்பிரிவோ காணாவிடில், அனுபவமுள்ள உத்தியோகஸ்தர் வேலையை நிறுத்தி விசாரிப்பார். முகவர் நிரலோ பல சமயங்களில் விசாரியாமல், இல்லாததை ஊகத்தால் நிரப்பிவிடும். சங்கத்தின் வழக்கங்களை அது அறியாது. கருவியைப் பற்றி எழுதி வைத்ததையே அறியும்.

ஓர் உதாரணம்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உர இருப்புக் கணக்கை உதாரணமாகக் கொள்ளலாம். கருவியின் விளக்கம் 'உர இருப்பை மாற்றும்' என்று மட்டும் இருக்கிறது. 'யூரியா நூறு வந்தது' என்று காரியதரிசி தெரிவிக்கிறார். நூறு என்பது மூட்டையா, கிலோவா? முன்னிருப்பு 60 மூட்டையானால், புது இருப்பு 160 ஆக வேண்டும். நூறையே மொத்த இருப்பாகக் கொண்டால் 60 மூட்டை ஏட்டிலிருந்து மறைந்துவிடும். மேலும் இந்தியாவில் யூரியா மூட்டை 2018 மார்ச் முதல் 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. யூரியாவையும் 50 கிலோ என்று கொண்டால், 100 மூட்டைக்கு இல்லாத 500 கிலோ கணக்கில் ஏறும்.

அவ்விளக்கத்தைப் பின்வருமாறு திருத்தலாம்:

'கிடங்கிற்கு வந்து சேர்ந்த உரத்தை முன்னிருப்புடன் கூட்டிப் பதியும். விற்பனைக்கு இதை உபயோகிக்கலாகாது. அதற்கு "உர விற்பனை பதிவு" என்னும் கருவி உண்டு. உரத்தைச் சங்கப் பட்டியலிலுள்ள குறியீட்டால் கொடுக்க. மூட்டையின் எடை அப்பட்டியலிலிருந்தே எடுக்கப்படும். அளவை மூட்டைக் கணக்கில் முழு எண்ணாகக் கொடுக்க. சலான் எண் அவசியம். தெரியாவிடில் கேட்க, ஊகிக்கலாகாது. ஒரே சலான் எண் மறுமுறை வந்தால் புதிதாகப் பதியாமல் முன் பதிவையே காட்டும்.'

கடைசி வாக்கியம் மிகவும் அவசியமானது. தொடர்பு அறுந்து பதில் வாராவிடில், முகவர் நிரல் அதே பதிவை மறுபடி அனுப்பக்கூடும். பின்னுள்ள நிரல் சலான் எண்ணைச் சோதிக்குமாறு அமைக்கப்படாவிடில் ஒரு வண்டி உரம் இரு வண்டியாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. ஒரு கருவிக்கு ஒரே வேலை இருத்தல் வேண்டும். ஏட்டைப் படிக்கும் கருவி வேறு, எழுதும் கருவி வேறு.

2. உறுப்பினரைப் பெயரால் அன்றி உறுப்பினர் எண்ணால் குறிக்க வேண்டும். ஒரே பெயருடைய இருவரில் ஒருவர் கட்டிய கடன் தவணை மற்றவர் பேரில் வரவானால், கட்டியவர் மேல் வட்டி ஏறும்.

3. தேதியின் அமைப்பைத் திட்டமாகக் கூற வேண்டும். 03-04 என்பது இந்திய வழக்கில் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என எழுதச் செய்தால் மயக்கமில்லை.

4. 'தவறு' என்று மட்டும் பதில் தரலாகாது. 'இவ்வெண்ணில் உறுப்பினர் இல்லை. தேடும் கருவியால் எண்ணைக் கண்டு மறுபடி கொடுக்க' என்று வழியும் காட்ட வேண்டும்.

5. தவறான பதிவை அழிக்கும் கருவியைக் கொடாமல், எதிர்ப்பதிவு செய்யும் கருவியைக் கொடுப்பது உசிதம். அப்பொழுது தணிக்கையில் நடந்தது முழுவதும் தெரியவரும்.

விளக்கம் பூட்டாகாது

எவ்வளவு நன்றாக எழுதினும் விளக்கம் வழிகாட்டியே அன்றிக் காவல் அன்று. மேற்கூறிய பொது நியமத்தில், இக்கருவி படிக்க மட்டுமே, இது அழிக்கக்கூடியது என்று குறிப்பிட இடமுண்டு, அவையும் குறிப்புகளே. ஆதலால் தொகையின் உச்ச வரம்பைப் பின்னுள்ள நிரலே தடுத்து நிறுத்த வேண்டும். கடன் தள்ளுபடி போன்றவை காரியதரிசியின் சம்மதமின்றி நிறைவேறலாகாது.

விளக்கத்தை எழுதி முடித்தபின், சங்க வேலைக்குப் புதிதாக வந்த குமாஸ்தாவிடம் அதைக் காட்டுவது நல்ல பரீட்சையாகும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விளக்கத்திலுள்ள ஒரு குறையைக் காட்டும். பின்பு கணக்கின் பிரதி ஒன்றில், முன்பு நடந்த இருபது வரவு செலவுகளை முகவர் நிரலைக்கொண்டு பதியச் செய்து, உண்மையான ஏட்டுடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்திய பின்னரே அசல் கணக்கை அதனிடம் ஒப்புவித்தல் தகும்.