எழுதும் இடத்திலேயே இணையம்!

சுட்டீஸ், கம்ப்யூட்டரில் கட்டுரை எழுதிக்கொண்டு இருக்கிறீர்கள். நடுவில் ஒரு சந்தேகம். உடனே பிரவுசரைத் திறப்பீர்கள். அங்கே ஒரு கார்ட்டூன் வீடியோ கண்ணில் படும். அவ்வளவுதான், கட்டுரை அம்போ!

எழுதும் மென்பொருளுக்குள்ளேயே இணையப் பக்கமும் திறந்தால்? 'ஈமாக்ஸ்' என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் அது முடியும். 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பிறந்தது இது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் 'குனூ ஈமாக்ஸ்' என்று புதிதாக எழுதி வெளியிட்டார். காசு கொடுக்க வேண்டாம். 2014-ல் வந்த 24.4 பதிப்பு முதல், 'ஈ.டபிள்யூ.டபிள்யூ.' என்ற குட்டி பிரவுசரும் அதற்குள்ளேயே குடியிருக்கிறது.

'ஆல்ட்' விசையை அழுத்தியபடி 'எக்ஸ்' தட்டுங்கள். பிரவுசரின் அந்த மூன்று எழுத்துகளையும் அடித்து 'என்டர்' கொடுங்கள். அடுத்து இணைய முகவரியோ, தேட வேண்டிய சொல்லோ கொடுத்தால் போதும், பக்கம் வந்துவிடும்.

இனிதான் மவுஸுக்குச் சிக்கல்! எடிட்டரில் ஓர் இடத்தில் கிளிக் செய்தால், 'இங்கே கர்சரை வை' என்று பொருள். இணையப் பக்கத்தில் இணைப்பைக் கிளிக் செய்தால், 'அங்கே கூட்டிப் போ' என்று பொருள். இருப்பதோ ஒரே இடது பட்டன். நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று ஈமாக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?

நேரத்தை வைத்துத்தான்! சட்டென்று அழுத்தி விட்டால், இணைப்பு திறக்கும். 450 மில்லி விநாடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய அரை விநாடி அழுத்திப் பிடித்தால், கர்சர் மட்டும் அங்கே போய் நிற்கும். கெட்டிக்கார யோசனைதான், இல்லையா? நடுவில் உள்ள சக்கரத்தை அழுத்தினாலும் இணைப்பு திறக்கும். பழைய பக்கத்துக்குத் திரும்ப 'எல்' விசை.

திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் இணையம், மறு பாதியில் கட்டுரை என்றும் வைத்துக்கொள்ளலாம். வேண்டிய வரியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். கட்டுரைக்குள் வந்து நடுப் பட்டனை அழுத்தினால், அந்த வரி ஒட்டிக்கொள்ளும். (முழுக் கட்டுரையையும் இப்படியே ஒட்டினால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார், ஜாக்கிரதை!)

ஒரு குறை உண்டு. 'ஜாவாஸ்கிரிப்ட்' இங்கே ஓடாது. அதனால் ஆன்லைன் விளையாட்டு நடக்காது, சில தளங்கள் பாதிதான் தெரியும். படிப்பதற்கு அதுவே வசதி என்பேன்!

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. முதல் மவுஸ் 1964-ல் மரக்கட்டையில் செய்யப்பட்டது. அதை உருவாக்கிய டக்ளஸ் எங்கெல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். எழுத்தைத் திருத்தியதும், இணைப்பைச் சொடுக்கித் தாவியதும் ஒரே திரையில்தான். 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய உலகின் முதல் பிரவுசரிலும் பக்கங்களைப் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். படிப்பதும் எழுதுவதும் தனித்தனியாகப் பிரிந்தது அதற்குப் பிறகுதான்.