நம்ம ஊர் அரசியல்வாதி பற்றி விக்கிப்பீடியாவில் தப்பா இருக்கா? திருத்துவது எப்படி

ஒரு தலைவரின் பெயரை போனில் தேடினால், முதல் சில முடிவுகளுக்குள் விக்கிப்பீடியா வந்துவிடும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் அதைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். அவசரத்தில் இருக்கும் நிருபரும் அதையே எடுத்து எழுதுவார். அதனால் அங்கே இருக்கும் ஒரு ஆண்டுப் பிழை சும்மா கிடக்காது. நாளிதழில் அது அச்சாகிவிட்டால், பிறகு அந்த நாளிதழையே ஆதாரமாகக் காட்டுவார்கள். பிழைக்குப் பிழையே சாட்சி!

திருத்துவதற்கு யாரிடமும் மனு போட வேண்டியதில்லை. பெரும்பாலான பக்கங்களில் 'தொகு' என்பதைத் தொட்டால் போதும். எதை, எந்த ஆதாரத்தோடு மாற்றுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். குழம்புவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

எம்.ஜி.ஆர். 1977-ல் முதன்முறையாக முதலமைச்சரானபோது வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. 1967, 1971 தேர்தல்களில் பரங்கிமலை, 1980-ல் மதுரை மேற்கு, 1984-ல் ஆண்டிபட்டி. இதில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் வரிசையே தப்பாகிவிடும். "1977-ல் விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையில் வென்றார்" என்று எழுதுவதும் சரியில்லை. அன்றைக்கு அது ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல்தான் பிரிந்தது, அதுவும் காமராசர் மாவட்டம் என்ற பெயரில்.

1962-ல் முத்துராமலிங்கத் தேவர் அருப்புக்கோட்டையில் வென்றாரே என்று சிலர் கேட்பார்கள். வென்றார்தான், ஆனால் அது மக்களவைத் தொகுதி. பெயர் ஒன்று, அவை வேறு. இனிஷியலும் முக்கியம்: 2016, 2021 தேர்தல்களில் இங்கே வென்றவரும் ராமச்சந்திரன்தான், கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன்.

2008 மறுசீரமைப்பில் வந்த இப்போதைய திருச்சுழி தொகுதி முதல் தேர்தலைச் சந்தித்தது 2011-ல். தங்கம் தென்னரசு 2006-ல் வென்றது அருப்புக்கோட்டையில். 2011, 2016, 2021 தேர்தல்களில் திருச்சுழியில். "2006 முதல் திருச்சுழி எம்.எல்.ஏ." என்று எங்காவது பார்த்தால் தயங்காமல் திருத்தலாம். ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும் திருச்சுழி ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலும் வருகின்றன. எம்.பி. பற்றி எழுதும்போது இதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய தேர்தல்களின் புள்ளிவிவர அறிக்கைகள் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. தொகுதி, கட்சி, வாக்கு எண்ணிக்கைக்கு அதுதான் முதல் ஆதாரம்.

ஆண்டு, தொகுதி எல்லாம் சுலபம். நடுநிலைதான் கஷ்டம்.

வானம் பார்த்த பூமியில் ஒரு தலைவரைப் புகழ நினைப்பவர் முதலில் எழுதுவது, "வறண்ட ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்" என்பதுதான். எதிர்த்தரப்பு வந்து, "கண்மாயைக் கூட தூர்வாராதவர்" என்று மாற்றும். இரண்டுமே கலைக்களஞ்சிய வாக்கியம் இல்லை. என்ன திட்டம், அரசாணை எந்த ஆண்டு, பணி எப்போது முடிந்தது, அதில் அவருடைய பங்கு என்ன என்று வெளியான செய்தியில் இருப்பதை எழுதினால் போதும். பாராட்டுவதா திட்டுவதா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார். திட்டம் தாமதமானது என்று நம்பகமான நாளிதழ் எழுதியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். "மக்கள் மனதில் வாழும்", "ஏழைகளின் விடிவெள்ளி" போன்ற சொற்களை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"ஆர்.டி.ஐ. மூலம் வாங்கிய பதில் கையில் இருக்கு, போடலாமா?" என்று கேட்கலாம். முடியாது. மற்றவர் தேடிப் பார்க்கக்கூடியதாக வெளியானதுதான் அங்கே ஆதாரம். உங்கள் பதிலை வைத்து ஒரு நாளிதழ் செய்தி வெளியிட்டால் அதைக் காட்டலாம். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம் வேட்பாளரே தன்னைப் பற்றிச் சொல்வது. அதிலிருக்கும் வீட்டு முகவரி, குடும்பத்தினர் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்ப் போடுவது தவறு.

எங்கள் துறை வெளியிடும் செய்திக்குறிப்பும் அப்படித்தான். திறப்புவிழா நடந்த தேதிக்கு அதைக் காட்டலாம். திட்டம் மகத்தான வெற்றி என்பதற்குக் காட்ட முடியாது, அரசு தன்னைப் பற்றிச் சொல்வதுதானே. அதே காரணத்தால் அமைச்சரின் உதவியாளரோ கட்சியின் ஐ.டி. அணிக்காரரோ நேரடியாகத் தொகுக்காமல், தான் யார் என்பதைச் சொல்லி உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைப்பதே முறை. காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வெளிப்படையாகத் தெரிவிப்பது கட்டாயம்.

தொகுத்து முடித்ததும் சுருக்கப் பெட்டியில், "தொகுதிப் பெயர் திருத்தம், 2006 தேர்தல் அறிக்கைப்படி" என்று ஒரு வரி போடுங்கள். எந்தக் கணக்கிலிருந்து எப்போது என்ன மாற்றம் நடந்தது என்பது 'வரலாறு' பகுதியில் அப்படியே பதிவாகியிருக்கும். யாராவது உங்கள் திருத்தத்தை நீக்கினால் மறுபடி மறுபடி திருப்பிப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தை வைத்துக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர் மீதான குற்றச்சாட்டு ஆதாரம் இல்லாமல் நிற்கிறதா? அதற்கு விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உடனே நீக்கிவிடலாம். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

தேர்தல் நேரத்தில் சில பக்கங்களில் பூட்டுப் படம் தெரியும். புதுக் கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கே நேரடியாகத் தொகுக்க முடியாது. அப்போதும் உரையாடல் பக்கத்தில் எந்த வரி தப்பு, எப்படி இருக்க வேண்டும், ஆதாரம் எது என்று மூன்றையும் எழுதி வைத்தால், அனுபவமுள்ள பயனர் ஒருவர் பார்த்துச் சேர்த்துவிடுவார்.