குளிர் விலகும் முன்பே கூடு சீராகிறது: வெண்வால் கழுகுகளின் இனப்பெருக்கத் தயாரிப்பு

பிப்ரவரி மாதத் தொடக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள மல் தீவில் பொழுது விடியவே காலை எட்டு மணி ஆகிவிடுகிறது. காற்றும் மழையும் ஓயாத அந்தப் பருவத்தில், உயர்ந்த ஊசியிலை மரம் ஒன்றை நோக்கிப் பெரிய பறவை ஒன்று பறந்து வருகிறது. அதன் கால்களில் காய்ந்த கிளை ஒன்று. மரத்தின் மேற்பகுதியில் கட்டில் அளவுக்குப் பரந்து கிடக்கும் கூட்டில் அது இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே காத்திருக்கும் அதன் துணை, அந்தக் கிளையை அலகால் இழுத்து, இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்து, ஓர் ஓரத்தில் செருகுகிறது.

வெண்வால் கழுகுகள் தங்கள் வீட்டைப் பழுதுபார்க்கும் காட்சி இது. முட்டையிட இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. ஆனாலும் அந்த ஆண்டு குஞ்சு பிழைக்குமா என்பது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

பிரிட்டனின் ஆகப் பெரிய வேட்டைப் பறவை

வெண்வால் கழுகு, கடற்கழுகு வகையைச் சேர்ந்தது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே தொடங்கி ரஷ்யாவைக் கடந்து ஜப்பான் வரை இது காணப்படுகிறது. சிறகுகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வரை இருக்கும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஏழு கிலோ வரை எடை இருக்கக்கூடும்.

இளம் பறவைகளின் வாலும் அலகும் கருமையாக இருக்கும். ஏறக்குறைய ஐந்து வயதில்தான் வால் தூய வெண்மையாகவும் அலகு மஞ்சளாகவும் மாறுகின்றன. அந்த வயதில்தான் அவை பொதுவாக இணை சேர்ந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. வெளிர்மஞ்சள் நிறக் கண்களைக் கொண்ட இதனை, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘சூரியக் கண் கழுகு’ என்ற பொருள்பட அழைக்கிறார்கள்.

மீன், நீர்ப்பறவை, இறந்த விலங்குகள் ஆகியவை இதன் உணவு. அதனால் கடற்கரை, ஏரி, பெரிய ஆறு ஆகியவற்றுக்கு அருகில்தான் கூட்டுக்கு இடம் தேடும்.

கூடு எப்படி உருவாகிறது?

பெரும்பாலான இணைகள் ஆண்டுதோறும் புதிய கூடு கட்டுவதில்லை. பழைய கூட்டின் மேல் புதிய கிளைகளை அடுக்குகின்றன. ஒரு கூடு பல ஆண்டுகள் பயன்படும். ஒரு தலைமுறை போன பின்னர் அடுத்த தலைமுறையும் அதே கூட்டில் குடியேறுவது உண்டு. இப்படி வளரும் கூடு இரண்டு மீட்டர் அகலத்தையும் எட்டும். எடை பல நூறு கிலோவாகும்.

இவற்றின் நெருங்கிய உறவான அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு கட்டிய ஒரு கூடுதான் பறவைக் கூடுகளில் உலகச் சாதனையாகப் பதிவாகியுள்ளது. ஃபுளோரிடாவில் 1963ல் அளக்கப்பட்ட அந்தக் கூடு 2.9 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் கொண்டது. எடை இரண்டு டன்னுக்கும் மேல்.

வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது.

முதலாவது, அடித்தளம். குளிர்காலப் புயல்களில் சில கிளைகள் விழுந்திருக்கும், சில மக்கியிருக்கும், கூடு அமிழ்ந்து தாழ்ந்திருக்கும். அதைச் சரிசெய்யத் தடித்த கிளைகள் வேண்டும். தரையில் கிடப்பவற்றை எடுப்பதோடு, மரத்தில் காய்ந்து நிற்கும் கிளைகளை முறித்தும் கொண்டு வருகின்றன.

இரண்டாவது, சுற்றுச்சுவர். குஞ்சுகள் தவறி விழாமலிருக்கவும் காற்றைத் தடுக்கவும் கூட்டின் விளிம்பு உயர்த்தப்படுகிறது. இதற்கு மெல்லிய குச்சிகள் போதும்.

மூன்றாவது, நடுவில் உள்ள கிண்ணம். முட்டைகள் கிடக்கப்போகும் இந்தக் குழியைப் புல், பாசி, கடற்பாசி, ஆட்டு ரோமம் போன்றவற்றால் மெத்தைபோல் நிரப்புகின்றன. வேலிகளில் சிக்கிக் கிடக்கும் செம்மறி ஆட்டு ரோமம் ஸ்காட்லாந்துக் கழுகுகளுக்கு எளிதில் கிடைக்கிறது. குளிர் மிகுந்த மார்ச் மாதத்தில் முட்டையின் சூட்டைக் காப்பது இந்த மெத்தைதான்.

இரு பறவைகளுமே வேலை செய்கின்றன. சுமந்து வருவதில் ஆணும், அடுக்கிச் சீராக்குவதில் பெண்ணும் பெரும்பாலும் முன்னிற்கின்றன. ஒரே கிளையை இரண்டும் இரு பக்கமும் பிடித்து இழுப்பதையும், வைத்த இடத்திலிருந்து எடுத்து மறுபடியும் வேறு இடத்தில் வைப்பதையும் காணலாம்.

பல இணைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருக்கும். ஒரு கூடு புயலில் சரிந்தாலோ, அருகில் மரம் வெட்டும் ஓசை கேட்டாலோ அடுத்ததற்கு மாறிவிடும். அதனால் ஒரு கூட்டில் கிளை அடுக்குவதைப் பார்த்த உடனே அங்குதான் முட்டையிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு சீக்கிரம் ஏன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். மார்ச் மாத இறுதியில் முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இரண்டு முட்டைகள். அடைகாக்க ஏறத்தாழ 38 நாள்கள். மே மாதத் தொடக்கத்தில் குஞ்சு வெளிவரும். அது பறக்கப் பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் ஜூலை மாதம் முடிந்துவிடும்.

பறக்கத் தொடங்கிய குஞ்சும் உடனே தானாக வேட்டையாடிவிடாது. மேலும் சில வாரங்கள் பெற்றோர் ஊட்ட வேண்டும். அடுத்த குளிர்காலம் வருவதற்குள் அது தன் காலில் நிற்கப் பழக வேண்டும். ஆகவே வடக்கு நாடுகளில் குறுகிய கோடைக்காலத்தை ஒரு நாள்கூட வீணாக்க முடியாது. வசந்தம் வந்த பிறகு வீட்டைச் சீராக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

கூட்டுப் பராமரிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. சேர்ந்து கிளை சுமப்பது, ஒன்றாக அமர்ந்து குரல் எழுப்புவது, வானில் வட்டமிட்டுச் சில வேளைகளில் கால் நகங்களைக் கோத்துச் சுழன்று இறங்குவது ஆகியவை இணையின் பிணைப்பை உறுதியாக்குகின்றன. இரண்டும் மாறி மாறி அடைகாக்க வேண்டியிருக்கிறது. ஒன்று வேட்டைக்குப் போய்த் திரும்பாவிட்டால் முட்டைகள் தப்புவது கடினம். ஒன்றையொன்று நம்பும் பழக்கம் முன்கூட்டியே வரவேண்டும்.

பார்ப்பவர்கள் எதைக் கவனிக்கிறார்கள்?

பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கி வழியாகத் தூரத்திலிருந்தே கூட்டைக் கவனிக்கிறார்கள். ஐரோப்பாவின் சில நாடுகளில் பறவைகள் இல்லாத மாதங்களிலேயே கூட்டருகே கேமராக்களைப் பொருத்தி, இணையம்வழி நேரலையாகவும் காட்டுகிறார்கள்.

சில அறிகுறிகள் அவர்களுக்கு முக்கியம். இரு பறவைகளும் தோளோடு தோள் உரசி ஒரே கிளையில் அமர்ந்தால் இணை உறுதியாகிவிட்டது. தடித்த கிளைகள் வருவது குறைந்து புல்லும் பாசியும் வரத் தொடங்கினால் முட்டையிடும் நாள் நெருங்குகிறது. பெண் பறவை கிண்ணத்தில் அமர்ந்து நெஞ்சால் அழுத்தி, காலால் பின்னோக்கி உதைத்துச் சுழன்றால் குழியின் வடிவத்தைச் சரிசெய்கிறது. பின்னர் ஒரு நாள் அது தாழப் படுத்துவிடும். தலை மட்டும் தெரியும். அடைகாத்தல் தொடங்கியதற்கு அதுவே அடையாளம்.

அந்த நாளிலிருந்து ஆகப் பெரிய ஆபத்து மனிதர்களின் நடமாட்டம்தான். யாரோ ஒருவர் படம் எடுக்க நெருங்கிச் சென்றால் பறவை எழுந்துவிடும். குளிரில் திறந்து கிடக்கும் முட்டை சூட்டை இழக்கும். காகங்கள் அதைக் கொத்திவிடவும் கூடும். இதனால்தான் பிரிட்டனில் கூட்டில் இருக்கும் கழுகுக்கு இடையூறு செய்வது குற்றமாக்கப்பட்டுள்ளது. ஸ்காட்லாந்தில், காலியாக இருக்கும் மாதங்களிலும் வெண்வால் கழுகின் கூட்டைச் சிதைக்கக் கூடாது.

ஒரு கூடும் இல்லாத காலம்

மல் தீவில் இன்று காணும் இந்தக் காட்சி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பிரிட்டனில் எங்குமே இல்லை. ஆடுகளுக்கு எதிரி என்று கருதிச் சுட்டுக் கொன்றார்கள், நஞ்சு வைத்தார்கள், சேகரிப்பாளர்கள் முட்டைகளைத் திருடினார்கள். கடைசியாக இணை ஒன்று கூடு கட்டியது 1916ல், ஸ்கை தீவில். நாட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவை 1918ல் ஷெட்லாந்தில் சுடப்பட்டது.

பின்னர் 1975ல் மீட்பு முயற்சி தொடங்கியது. நார்வேயின் கூடுகளிலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுகள், பிரிட்டிஷ் ஆகாயப் படை விமானங்களில் ஸ்காட்லாந்துக்கு வந்தன. ரம் தீவில் பத்தாண்டுகளில் 82 பறவைகள் விடுவிக்கப்பட்டன.

பலன் உடனே கிடைக்கவில்லை. இளம் பறவைகள் முதிர்ச்சி அடையவே ஐந்து ஆண்டுகள் ஆகின. பிறகும் அனுபவமில்லாத இணைகளின் முதல் முயற்சிகள் தோற்றன. 1985ல்தான் மல் தீவில் ஒரு குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது. தொடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகள்! இன்று ஸ்காட்லாந்தில் 150க்கும் மேற்பட்ட இணைகள் உள்ளன. இங்கிலாந்தின் தென்கரையில் 2019ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தின் பயனாக, 2023ல் ஒரு குஞ்சு பறந்தது. 1780க்குப் பிறகு இங்கிலாந்தில் கூட்டிலிருந்து பறந்த முதல் குஞ்சு அது.

நல்ல கூடும் போதாத காலம்

சுவீடனின் பால்டிக் கடலோரத்தில் நடந்தது வேறு. அங்கே கழுகுகள் அழிந்துவிடவில்லை. வழக்கம்போல் கூட்டைச் சீராக்கின, முட்டையிட்டன, அடைகாத்தன. ஆனால் குஞ்சு வரவில்லை. பூச்சிக்கொல்லியான டிடிடி, மீன்கள் வழியாகக் கழுகுகளின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியிருந்தது. பல முட்டைகள் உடைந்தன. பலவற்றுள் கரு இறந்தது.

1970களில் டிடிடி தடை செய்யப்பட்டது. நஞ்சு கலக்காத இறைச்சியைக் குளிர்காலத்தில் கழுகுகளுக்கு வைக்கும் திட்டத்தைச் சுவீடனின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் நடத்தினர். கடல் மெல்லத் தூய்மையானபோது குஞ்சுகளும் திரும்பின. வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சுற்றியுள்ள நீர் நலமாக இல்லாவிட்டால் கூடு வெறும் விறகுக் குவியல்தான் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

வரவும் செலவும்

கழுகு திரும்பியதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதிகளில் ஆடு வளர்ப்போர், கழுகுகள் உயிருள்ள குட்டிகளையும் தூக்கிச் செல்வதாகக் குறைகூறி வருகின்றனர். கழுகு செத்த குட்டியைத் தின்பதும் உண்டு. உயிருள்ளதைப் பிடிப்பதும் உண்டு. குறைந்த வருமானத்தில் மந்தையைப் பேணும் குடும்பத்திற்கு ஒவ்வொரு குட்டியும் முக்கியம். அரசாங்கத்தின் இயற்கை அமைப்பு, கூடுதல் மேய்ப்பர் உதவிக்கும் தடுப்பு முறைகளுக்கும் நிதி வழங்கும் திட்டத்தை நடத்துகிறது.

மறுபக்கம், மல் தீவில் கழுகைக் காண வரும் சுற்றுப்பயணிகள் ஆண்டுக்கு 4.9 மில்லியன் முதல் 8 மில்லியன் பவுண்டு வரை செலவிடுவதாக 2022ல் வெளியான அறிக்கை மதிப்பிட்டது. ஒருவருக்கு வருமானம், இன்னொருவருக்கு இழப்பு. இதைச் சமன்செய்வது கூடு கட்டுவதைவிடக் கடினமான வேலையாக இருக்கிறது.

நம் வானிலும் ஓர் உறவு

வெண்வால் கழுகைக் காண வெகுதூரம் செல்ல வேண்டும். அதன் நெருங்கிய உறவைக் காணச் சுங்கை பூலோவுக்கோ புலாவ் உபினுக்கோ சென்றால் போதும். சிங்கப்பூர், மலேசியக் கரையோரங்களில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் இதேபோல் உயர்ந்த மரத்தில் குச்சிக் கூடு கட்டி, அதையே மீண்டும் மீண்டும் புதுப்பித்து, வழக்கமாக இரண்டு முட்டைகள் இடுகிறது. 1980ல் வெளியான சிங்கப்பூரின் 10,000 வெள்ளி நோட்டில் இடம்பெற்ற பறவையும் இதுவே.

ஸ்காட்லாந்தில் பின்பற்றும் பழக்கங்கள் இங்கும் பொருந்தும். கூடு இருக்கும் மரத்தைக் கண்டால் விலகி நின்று தொலைநோக்கியால் பார்ப்பது நல்லது. ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தால் மறுநாளே கூட்டம் கூடிவிடும். லங்காவியில் படகுப் பயணங்களின்போது கழுகுகளுக்குக் கோழித் தோலை வீசும் வழக்கத்தையும் பறவை ஆர்வலர்கள் குறைகூறி வருகின்றனர். சுவீடனில் உணவு வைத்தது நஞ்சிலிருந்து காப்பாற்ற. படம் எடுப்பதற்காக அல்ல.

கழுகு தன் வேலையை ஆண்டுதோறும் தவறாமல் செய்கிறது. பல வாரங்கள் கிளை சுமந்து, மெத்தை விரித்து, மழையில் நனைந்தபடி முட்டையைக் காக்கிறது. அந்த மரத்தை வெட்டாமலும் அந்த நீரைக் கெடுக்காமலும் இருப்பது மட்டுமே மனிதரின் பங்கு. அதைச் செய்தால் அடுத்த ஆண்டும் அதே கூட்டுக்கு ஒரு புதிய கிளை வந்து சேரும்.