பட்டத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

ஏப்ரல் மாதம் வந்தால் சீனாவின் ஷான்டோங் மாகாணத்திலுள்ள வெய்ஃபாங் நகரத்து வானில் பூரான் பறக்கும். டிராகன் தலை, பிளந்த வாய், காற்றில் சுழலும் கண்கள். அந்தத் தலைக்குப் பின்னால் வரிசையாக வட்டத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் குறுக்கேயும் ஒரு மெல்லிய மூங்கில் குச்சி, அதன் இரு நுனியிலும் இறகு. தரையில் நிற்பவர்களுக்கு அவை பூரானின் கால்களாகத் தெரியும். உண்மையில் தட்டு கவிழாமல் சமநிலையைக் காப்பதே அந்தக் குச்சிகள்தான்.

தட்டு ஒவ்வொன்றும் ஒரு தனிப் பட்டம். எல்லாவற்றையும் மூன்று நூல்கள் கோத்துச் செல்கின்றன. தட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் எங்காவது பிசகினால் மொத்த உடலும் முறுக்கிக்கொண்டு கீழே விழும். நூறு மீட்டரைத் தாண்டும் பூரான்களும் உண்டு. அவற்றை ஏற்ற ஓர் ஆள் போதாது. பலர் வரிசையாக நின்று ஏந்திப் பிடிக்க வேண்டும். வால்பக்கம்தான் முதலில் எழும்பும். டிராகன் தலை கடைசியாகத்தான் கையை விட்டுப் போகும்.

இந்த ஊரில் 1984 முதல் சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்து வருகிறது. பட்டங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்தக் கட்டடமே பூரான் பட்டத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஊரை ஒட்டிய யாங்ஜியாபு கிராமம் புத்தாண்டு ஓவியங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவதில் பெயர் பெற்றது. அந்த ஓவியங்களின் பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் பட்டங்களிலும் வந்து உட்கார்ந்துவிட்டன.

சீனர்கள் பட்டத்தின் பிறப்பை மோ ஸி என்ற தத்துவஞானியிடம் கொண்டுபோய் வைக்கிறார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். மூன்று ஆண்டுகள் பாடுபட்டு அவர் செய்த மரப்பறவை ஒரே நாள் பறந்து உடைந்துபோனதாகப் பழைய நூல் ஒன்று சொல்கிறது. கதையோ நிஜமோ, பட்டம் கட்டும் எவருக்கும் அந்த வலி புரியும். கி.பி. 549இல் எதிரிகள் அன்றைய தலைநகரைச் சுற்றி வளைத்தபோது, உதவி கேட்டுப் பட்டத்தில் செய்தி கட்டி அனுப்பியதாகவும் வரலாறு உண்டு. முற்றுகையிட்டவர்கள் அதை அம்பெய்து வீழ்த்திவிட்டார்கள்.

முதலில் சீனத்தில் பட்டத்துக்குப் பெயர் ‘காகிதப் பருந்து’. பத்தாம் நூற்றாண்டில் லி யே என்பவர் பட்டத்தின் தலையில் மூங்கில் குழலைப் பொருத்தினார். காற்று புகுந்ததும் அது ‘ஜெங்’ என்ற நரம்புக் கருவி போல ஒலித்ததாம். ‘ஃபெங்’ என்றால் காற்று. ‘ஃபெங்ஜெங்’ என்ற இன்றைய சீனப் பெயர் அப்படி வந்தது என்கிறார்கள். நான்டோங் நகரத்துப் பலகைப் பட்டங்களில் இந்த இசை இன்றும் கேட்கிறது. சுரைக்குடுக்கையிலும் மூங்கிலிலும் செய்த பெரிதும் சிறிதுமான நூற்றுக்கணக்கான ஊதல்கள் ஒரே பட்டத்தில் பொருத்தப்படும். அது மேலே ஏறினால் கூட்டமாக யாரோ ஊதுவது போலிருக்கும்.

இந்தக் கைவேலையை நான்கு சொற்களில் அடக்குவார்கள்: கட்டுதல், ஒட்டுதல், தீட்டுதல், பறக்கவிடுதல். வாங்குபவர் கண் தீட்டுவதில் நிற்கும். செய்பவர் கவலையெல்லாம் கட்டுவதில்தான்.

மூங்கிலைப் பிளந்து, கணுவைச் சீவி, சிம்பாக்குவது முதல் வேலை. பிறகு மெழுகுவர்த்திச் சுடரிலோ சாராய விளக்கிலோ காட்டி, சூடேறிய இடத்தை விரலால் மெல்ல வளைக்க வேண்டும். சற்று அதிகம் காட்டினால் கருகும், குறைந்தால் முறியும். இறக்கைக்கு இடமும் வலமும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டுமே, அதற்கு ஓர் அருமையான வழி உண்டு. அகலமான சிம்பு ஒன்றை முதலில் வளைத்துவிட்டு, அப்புறம் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒரே வளைவு இரண்டாகக் கிடைத்துவிடும். அளவுகோல் தராத துல்லியத்தைக் கத்தி தருகிறது! மூட்டுகளை நூல் சுற்றி இறுக்கி, நடுப்புள்ளியை விரல்மேல் நிறுத்தி எடை பார்ப்பார்கள். கனத்த பக்கம் மறுபடி கத்திக்குப் போகும்.

இதன்மேல்தான் காகிதமோ பட்டுத்துணியோ ஏறும். பெய்ஜிங்கின் குருவிப் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு ஐந்தே சிம்புகள். குண்டுக் குருவி ஆண், ஒல்லிக் குருவி பெண். குழந்தைக் குருவியும் உண்டு, ஆக ஒரு குடும்பமே வானில். இறக்கையில் வௌவால் வரைவது ஏன் என்று நமக்குத் தோன்றும். சீன மொழியில் வௌவாலும் நல்வாழ்வும் ஒரே ஒலி, ‘ஃபூ’. மீனுக்கும் மிகுதிக்கும் அதே உறவு.

தியான்ஜினின் வெய் யுவான்தாய் பெரிய பட்டத்தையும் மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்படி செய்தவர். 1915இல் சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றார். மூங்கில் கெட்டிக்காரரிடம் எதற்கும் வளைந்து கொடுக்கிறது.

வெய்ஃபாங், நான்டோங், லாசா ஆகிய ஊர்களின் பட்டக் கலையை 2006இல் சீன அரசு தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் சந்தையில் குவிவது நைலான் துணியும் கண்ணாடியிழைக் குச்சியும்தான். விலை மலிவு, மழைக்கும் அஞ்சாது. மூங்கில் பட்டத்தையும் இதையும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அதனால் என்றைக்காவது ஒரு சீனப் பட்டம் உங்கள் கைக்கு வந்தால், முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். சூடுபட்ட மூங்கிலின் வளைவும் நூல் சுற்றிய மூட்டுகளும் அங்கே இருந்தால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.