பழைய டீசல் வண்டி... மலைக்குத் தாங்குமா?

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் குடும்பமும் பூண்டு மூட்டையும் ஒரே வண்டியில் இறங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்பக்கம் நீண்ட டீசல் கார் தோதானது. ஆனால், 1992-ல் வந்த டாடா எஸ்டேட், 2004-ல் வந்த இண்டிகோ மெரினா இரண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை. உதிரிபாகம் கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். ஹீட்டர் பிளக் பழுதானால், காலைக் குளிரில் இன்ஜின் லேசில் பிடிக்காது. இரவு முழுக்க நின்ற வண்டியை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

மலையில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து இறங்கினால் பிரேக் பூஸ்டர், பவர் ஸ்டீயரிங் இரண்டும் கைவிட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் பாதுகாப்பு. அப்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே டீசல் செலவு அநேகமாக நின்றுவிடும்.

15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஆர்.சி-யைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்ட வேண்டும். இதோடு டயர், பிரேக், கிளட்ச் செலவையும் விலையில் கூட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் கட்டுப்படியானால் தாராளமாக வாங்கலாம்.