கோழித் தீன் மண்ணில் போகாமலிருக்க

அரிசி புடைக்கும்போது சிந்திய மணியைக்கூடப் பொறுக்கி எடுக்கும் நாம், கோழிக்கு மட்டும் கைநிறைய அள்ளி முற்றத்தில் எறிகிறோம். காலையில் ஒரு சுண்டு குறுணல் எறிந்தால் அதில் எவ்வளவு எமது கோழிகளின் வயிற்றுக்குப் போகின்றது? காகமும் அணிலும் பங்குக்கு வருகின்றன. பக்கத்துக் கொட்டிலின் கோழிகள் ஓடி வருகின்றன. மிச்சத்தைக் கோழியே காலால் கிளறி மண்ணோடு கலந்துவிடுகின்றது. மாரியில் அந்தத் தீன் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். எச்சம் பட்ட தீனைக் கொத்துவதால் வயிற்றோட்டமும் குடற்புழுவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும்.

சொந்த வளவில் இருந்தபோது இதை நாம் பெரிதாக எண்ணவில்லை. சூடடித்த களத்தில் சிந்திய நெல், சாணக் கும்பியில் இருந்த புழு, வேலியோரக் கறையான் எல்லாம் கோழிக்குப் போதுமாயிருந்தன. இரவல் காணியில் கொட்டில் போட்டு இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அடுத்தவர் தோட்டத்தில் கோழி கிளறினால் மனக்கசப்புத்தான். ஆகவே கோழியை அடைக்க வேண்டும், தீனைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2022 இல் சோளம் தட்டுப்பட்டுத் தீன் விலை ஏறியபோது பெரிய பண்ணைகளே மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். பத்துக் கோழிக்கு 1 கிலோவுக்குச் சற்றுக் கூட. அதில் கால்பங்கு சிந்தினால் மாதத்தில் 8 கிலோ மண்ணுக்குப் போகின்றது. இதைத் தடுக்க, தானாகவே தீன் இறங்கும் பாத்திரமொன்றைச் செலவின்றிச் செய்யலாம்.

மூடியுள்ள 10 லீற்றர் பிளாஸ்ரிக் வாளி ஒன்று வேண்டும். பேக்கரிகளுக்கு மாஜரின் வரும் வாளி நல்லது; கேட்டால் தருவார்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து வந்த கானை எத்தனை தரம் கழுவினாலும் இதற்குப் பாவிக்கக் கூடாது. அடுத்தது ஒரு பழைய பேசின். வாளியை நடுவில் வைத்தால் சுற்றிவர 2 அங்குலமாவது இடம் மிஞ்ச வேண்டும். பேசினின் விளிம்பு 3 அங்குல உயரம் இருந்தால் போதும்.

வாளியின் அடிப்பக்கத்தில், தரையைத் தொட்டபடி நான்கு வாசல்கள் வெட்டவும். ஒவ்வொன்றும் 2 அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம். கத்தியைச் சூடாக்கினால் இலகுவாக வெட்டுப்படும். வாசலின் மேல்விளிம்பு பேசினின் விளிம்பிலும் தாழ்வாக இருப்பது முக்கியம். தீன் அந்த வாசல் மட்டத்துக்கு வந்ததும் தானே நின்றுவிடும்; கோழி தின்னத் தின்ன மேலிருந்து இறங்கும். வாசலை உயரமாக வெட்டினால் தீன் பேசினை நிரப்பி வெளியே கொட்டும்.

வாளியின் நடுவில் கிடக்கும் தீன் வாசலுக்கு வராது. அதற்குக் கண்ணுள்ள பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கவும். தடித்த கம்பியொன்றை மூடி, சிரட்டையின் கண், வாளியின் அடி, பேசினின் அடி எல்லாவற்றிலும் ஊடாகச் செலுத்தி, பேசினுக்குக் கீழே ஒரு தடித்துண்டில் முறுக்கிக் கட்டினால் பாரம் முழுவதையும் அது தாங்கும். வாளி விலகாதபடி பக்கங்களில் இன்னும் இரண்டு கட்டுப் போடவும்.

நாம் முதலில் செய்த பாத்திரத்தில் சிரட்டை இல்லை. வெறும் தவிட்டை வாய்மட்டம் அமத்தி நிரப்பித் தொங்கவிட்டோம். மறுநாள் பார்த்தால் வாளி நிறையத் தீன், சுற்றிவரப் பசியோடு கோழிகள்! தவிடு வாளிக்குள் பாலம்போல் இறுகி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்துக்கொண்டே வந்து வாளியில் இரண்டு தட்டுத் தட்டினார், பொலபொலவென்று இறங்கியது. தவிடு தனியாக இறங்காது. குறுணலோ உடைத்த சோளமோ கலந்து, அமத்தாமல், இரண்டு மூன்று நாளுக்கு அளவாகப் போடவும். பாத்திரம் தொங்கினால் கோழி கொத்தும்போது அசைந்து தீனை இறக்கும். நிலத்தில் வைப்பதிலும் தொங்கவிடுவது நல்லதென்று நாம் சொல்வது இதனாலேயே. மிஞ்சிய சோறு, குழைத்த தீன் என்பவற்றை இதில் போட வேண்டாம், புளித்துவிடும். அவற்றை வேறு தட்டில் வைத்து அன்றைக்கே கழுவவும்.

பேசினின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கத் தொங்கவிடவும். அதற்குக் கீழென்றால் காலால் கிளறும், அலகால் வாரி இறைக்கும். மூடியின் மேல் ஏறிக் குந்தினால் தீன் முழுவதும் எச்சமாகும். பழைய தகரத்தைக் கூம்பாக வளைத்து மேலே போட்டால் வழுக்கிவிடும். மழைச்சாரல் படாத இடமாகப் பார்க்கவும். இரவில் கட்டாயம் இறக்கிக் கொட்டிலுக்குள் மூடி வைக்கவும். தீனுக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். பிள்ளைகள் நிலத்தில் படுக்கும் இடத்தில் இரண்டுமே ஆபத்து. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் தொற்றும்.

இந்தப் பாத்திரம் வளர்ந்த கோழிகளுக்கே. குஞ்சுகளுக்குத் தட்டையான மூடியொன்றில் சிறிது சிறிதாக வைத்து, அதைச் சுற்றிப் பனைமட்டையை 2 அங்குல இடைவெளிக்கு நட்டு மேலேயும் மூடிவிடவும். குஞ்சு புகும், தாய் புகாது. காசு குறைவென்றால், வாங்கிய தீனை முதலில் குஞ்சுகளுக்கே கொடுங்கள் என்பது எமது எண்ணம். பெரிய கோழியைச் சிறிது நேரம் திறந்துவிட்டால் ஏதாவது தேடித் தின்னும். குஞ்சால் அது முடியாது. கருவாட்டுத் தலை இடித்துப் போடுபவர்கள் முதலில் ஊறவைத்து உப்பை இறக்கவும். உப்புக் கூடினால் குஞ்சுகள் செத்துப்போகும்.

கிழமைக்கொருமுறை கட்டை அவிழ்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடவும். இடம் மாற நேர்ந்தால் கீழ்த்தடியைக் கழற்றி, கம்பியையும் சிரட்டையையும் வாளிக்குள் போட்டு, பேசினை மேலே கவிழ்த்துக் கட்டிக்கொண்டால் ஒரு கையில் கொண்டுபோகலாம்.