எங்கள் வீட்டுப் பழைய கார்

கார் என்பது வசதி படைத்தவர்களின் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒன்று என்றுதான் நானும் நீண்ட காலமாக எண்ணியிருந்தேன். களுவாஞ்சிகுடியில் ஒரு சாதாரண பாடசாலை ஆசிரியை நான். கணவர் படுவான்கரையில் வயல் செய்பவர். இரண்டு பிள்ளைகள், மாமி, நாங்கள் இருவர் என ஐந்து பேருக்கும் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அது போதும் என்றே இருந்தோம்.

2017இல் மாமியின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. கிழமைக்கு இரண்டு தடவை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுத்திருந்து எழும்பிய பின்பு, நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு வர அவரால் முடியாது. ஆட்டோ பிடித்தால் காத்திருக்கும் நேரத்தோடு ஒரு தடவைக்கு 2,500 ரூபாய். மாதத்தில் ஒன்பது தடவை. மழைக் காலத்தில் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது இரு பக்கமும் சாரல் அடிக்கும். மாமி போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு, "என்னால உங்களுக்கெல்லாம் எவ்வளவு கரைச்சல் மனே" என்பார்.

அந்தச் சொல்தான் என்னைக் கணக்குப் பார்க்க வைத்தது. வருடமொன்றுக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேல் ஆட்டோவுக்கே போகிறது. பழைய கார் ஒன்றை வாங்கினால் என்ன?

கைவிட்டுப் போன 25,000 ரூபாய்

என்னிடமிருந்த காப்புகளை விற்றேன். சம்பளத்தில் கழிபடும் கடன் ஒன்றும் எடுத்தேன். கணவர் அந்தப் போக நெல் காசைச் சேர்த்தார். எல்லாமாகப் பதின்மூன்றரை இலட்சம். லீசிங் எடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள். மாதாந்தத் தவணையை மருந்துச் செலவோடு சேர்த்துப் பார்த்தபோது பயமாக இருந்தது. கையிலுள்ள காசுக்குள் அடங்கும் கார்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

தரகர் ஒருவர் வெள்ளி நிறக் கார் ஒன்றைக் காட்டினார். கண்ணாடி போல மினுங்கியது. விலையும் சந்தை விலையை விடக் குறைவு. "இன்னொருவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், இன்றைக்கே முற்பணம் தந்தால் பிடித்து வைக்கலாம்" என்றார். 25,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் எங்கள் அயலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணனிடம் வாகனப் பதிவுப் புத்தகத்தின் போட்டோப் பிரதியைக் காட்டினேன். அவர் காரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "டீச்சர், உங்களுக்கு விற்கிறவரின் பெயர் என்ன?" என்றார். சொன்னேன். "புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறதே. அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. பார்க்கவில்லையா?"

உண்மையில் நான் பார்க்கவில்லை. பிறகு விசாரித்தபோதுதான் விளங்கியது. லீசிங் எடுத்து முதலில் வாங்கியவர் கடனை முடிக்காமலே விற்றிருக்கிறார். அதன் பின்பு அந்தக் கார் மூன்று கை மாறியிருக்கிறது. அந்த மூவரில் ஒருவருடைய பெயர்கூடப் புத்தகத்தில் இல்லை. முதல் ஆள் கையெழுத்து வைத்த, வாங்குபவரின் பெயர் நிரப்பப்படாத உரிமை மாற்றப் படிவம் மட்டும் கைக்குக் கை போயிருக்கிறது. இதைத்தான் 'ஓப்பின் பேப்பர்' என்கிறார்கள். அப்படியான காரை நாங்கள் வாங்கியிருந்தால், ஒரு நாள் நிதி நிறுவனம் வந்து எடுத்துக்கொண்டு போனாலும் கேட்பதற்கு எங்களிடம் எந்த உரிமையும் இருந்திராது.

முற்பணம் திரும்பி வரவில்லை. துண்டுகூட வாங்காமல் கொடுத்த காசு அது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் 25,000 ரூபாயுடன் தப்பினோமே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அன்பான சகோதரிகளே, பழைய வாகனம் பார்க்கப் போனால் முதலில் புத்தகத்தைப் பாருங்கள், பிறகு காரைப் பாருங்கள். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் அந்த நிறுவனம் கையொப்பமிட்ட பத்திரங்களும் கைக்கு வராமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் காரில் பொறித்துள்ள இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முற்பணம் கொடுத்தால் வாகன இலக்கம், தொகை, திகதி, திருப்பிக் கொடுக்க வேண்டிய நிபந்தனை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மினுக்கம் இல்லாத கார்

2018இன் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தமது காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். 2009ஆம் ஆண்டு மாருதி அல்ட்டோ. 796 சீசீ, மூன்று சிலிண்டர் எஞ்சின். நிறம் மங்கியிருந்தது. பின் கதவில் ஒரு நெளிவு. ஆனால் புத்தகத்தில் அவருடைய பெயர்தான் இருந்தது. ஒயில் மாற்றிய துண்டிலிருந்து பற்றரி வாங்கிய துண்டு வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தார்.

கராஜ் அண்ணன் விடிய ஆறு மணிக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நாங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அதிலே ஒரு காரணம் இருக்கும் என்றார். அன்று அவர் செய்தவற்றை நான் பின்னாலே நின்று குறிப்பெடுத்தேன். நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உட்புறம் பால் கலந்த தேநீர் போலிருந்தால் றேடியேற்றர் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கியிருக்கலாம். மீற்றர் சொல்லும் கிலோமீற்றரை அப்படியே நம்பக்கூடாது. குறைந்த தூரம் ஓடியதாகக் காட்டும் காரில் பிறேக் மிதியின் இறப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த கிழமை, கடைசி இரண்டும் வருடம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ரயர், சில்லு நேராக ஓடவில்லை என்பதைச் சொல்லும்.

எங்கள் கரையோரத்துக்கென்று இரண்டு விடயங்களைத் தனியாகச் சொன்னார். ஒன்று கறள். கடற்காற்றில் நின்ற கார் மேலே நன்றாக இருக்கும், அடித்தகடு கறள் பிடித்திருக்கும். அதனால் படங்கு விரித்துப் படுத்துக்கொண்டு அடியில் தட்டிப் பார்த்தார். மற்றது வெள்ளம். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற வாகனங்கள் கழுவித் துடைத்து விற்கப்படுவதுண்டு. ஆசனப் பட்டியைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும் என்றார். தரை விரிப்பைத் தூக்கி மணந்தும் பார்த்தார்.

எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்பு கறுத்த ஆள்தான் டீச்சர், ஆனால் நெஞ்சு நல்லம்" என்று சிரித்தார். பன்னிரண்டரை இலட்சத்துக்குப் பேசி முடித்தோம்.

யார் பெயரில்?

பெயர் மாற்றும் நேரத்தில் உறவினர்கள் கணவரின் பெயரில் எழுதச் சொன்னார்கள். பொம்பிளைப் பெயரில் வாகனம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். கடன் என் சம்பளத்தில்தான் கழிபடுகிறது, மாமியைக் கூட்டிச் செல்பவளும் நான்தான் என்று சொன்னேன். கணவர் மறுக்கவில்லை. வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்றவருக்கும் அதில் நன்மை உண்டு. பெயர் மாறாவிட்டால், நாளை ஒரு விபத்து நடந்தால் பொலிஸார் தேடிச் செல்வது புத்தகத்தில் பெயருள்ளவரைத்தான்.

41 வயதில் சாரதிப் பயிற்சிக்குப் போனேன். என் பழைய மாணவன் ஒருவனே பக்கத்தில் இருந்து, "டீச்சர், கிளச்சை மெல்ல விடுங்கோ" என்று சொல்லித் தந்தான்.

வாங்கிய பின்புதான் செலவு தொடங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீதமிருந்த காசைக் காரின் முதல் வருடத் தேவைக்கென்றே ஒதுக்கி வைத்தேன். ரைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குக் கோப்பில் துண்டு இருக்கவில்லை. தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது என்று மாற்றினோம். ரயர் இரண்டு, பற்றரி ஒன்று வாங்கினோம். வருடாந்தம் காப்புறுதி, புகைப் பரிசோதனை, பின்பு வருமான அனுமதிப்பத்திரம். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது கிடைக்காது. இவற்றுக்காக மாதாமாதம் 5,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடத் தொடங்கினேன். எங்கள் காரில் விபத்தின்போது விரியும் காற்றுப் பை இல்லை. ஆகவே முன்னால் இருப்பவர்கள் பட்டி போடாமல் கார் நகராது, அவசரம் என்றாலும் வேகம் 60ஐத் தாண்டாது என்பது வீட்டுச் சட்டம்.

33 மாதக் கணக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வயலில் வழமையான விளைச்சலில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கணவருக்கு ஒன்பது இலட்சம் கடன். 2022 ஏப்ரலில் ஒருவர் எங்கள் காரை 27 இலட்சத்துக்குக் கேட்டு வந்தார்.

கணவரின் தமையன் வந்து, "வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. விற்றுக் கடனைக் கட்டு. பிறகு பார்ப்போம்" என்றார். கணவர் தலை குனிந்திருந்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும் வேதனை எனக்கும் தெரியும். உள்ளே படுத்திருந்த மாமிக்கும் எல்லாம் கேட்டிருக்கும். என் கையெழுத்து இல்லாமல் கார் விற்க முடியாது என்ற ஒன்றுதான் அன்று எல்லோரையும் என் பதிலுக்காகக் காத்திருக்க வைத்தது.

கணக்குக் கொப்பியை எடுத்து வந்தேன். கடன் போக மிஞ்சுவது 18 இலட்சம். அப்போது வாடகை வாகனத்துக்கு ஒரு தடவைக்கு 6,000 ரூபாய். மாதம் ஒன்பது தடவை என்றால் 54,000. "18 இலட்சமும் 33 மாதத்தில் முடிந்துவிடும். பிறகு மாமியை எதில் கொண்டுபோவோம்? இந்த விலைக்கு இன்னொரு கார் வாங்க முடியுமா?" என்று கேட்டேன். மைத்துனர் கொப்பியை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். பின்பு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை கணவர் கை உழவு இயந்திரத்தை விற்றார். மிகுதிக் கடனைக் கட்டி முடிக்க இரண்டு வருடம் சென்றது. அது இலகுவான காலமல்ல.

அந்த ஜூன் மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். தாங்கியில் இருந்ததை மாமிக்கென்று வைத்துவிட்டு, நான் பாடசாலைக்குச் சைக்கிளில் போனேன். செட்டிபாளையத்தில் இன்னொரு பெண்ணும் அதே நாட்களில் இரத்தம் சுத்திகரிக்கச் செல்பவர். அவருடைய மகன் ஆட்டோ ஓட்டுபவர். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான், காருக்கு 20 லீற்றர். அன்று முதல் வழியில் அவரையும் ஏற்றிக்கொண்டோம். இரண்டு நோயாளிகளும் பின்னால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு வருவார்கள்.

மாமி 2023இல் காலமானார். இனிக் கார் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும், இப்போதே விற்றுவிடுங்கள், விலை விழுந்துவிடும் என்றார்கள். செட்டிபாளையத்து அக்கா சனிக்கிழமைகளில் இன்னும் என்னோடுதான் வருகிறார். பெற்றோல் காசைப் பாதி தராமல் இறங்க மாட்டார். கிழமை நாளில் மகனின் ஆட்டோ. கார் எனக்கு இலாபம் தர வாங்கிய பொருளல்ல. ஓடும் வரை ஓடட்டும்.

அந்தத் தாதி தந்த கோப்பு இன்று இரண்டு கோப்பாகிவிட்டது. என்றாவது ஒரு நாள் இந்தக் காரை வாங்க ஒரு சகோதரி வருவாராக இருந்தால், புத்தகத்தில் உள்ள என் பெயரையும் அடையாள அட்டையையும் முதலில் அவர் முன் வைப்பேன். பின் கதவின் நெளிவையும் நானே காட்டுவேன்.